முண்டாசு அவிழ்க்காத ராமையா

"உந்த முண்டாசை அவிழ்க்கவே மாட்டீரோ காணும்?"

முடி வெட்டும் கடையின் படி ஏறும்போதே பெரிய கிராணி அருளம்பலத்துக்கு மூக்குக்கு மேல் கோபம்.

பின்னே என்ன? மலாயாவில் ஈப்போ ரயில் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா அவர். அவர் தலை தெரிந்தால் போதும், மூட்டை தூக்குகிறவன் முதல் மாட்டுவண்டிக்காரன் வரை தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். அதுதானே மரியாதை? இந்தக் கடைக்கார ராமையா மட்டும் மாசக்கணக்காகக் காதுவரை இறுக்கிக் கட்டிய முண்டாசோடு நிற்கிறார். வேர்த்து ஊற்றினாலும் சரி, துரையே வந்தாலும் சரி.

"தலைக்கு ஆகல ஐயா. உக்காருங்கலா" என்றார் ராமையா.

"தலைக்கு ஆகேல்லையாம்! திமிர் எண்டு சொல்லும்."

ஊரில் ஆளுக்கொரு கதை. வழுக்கை என்றார்கள், தலையில் படை என்றார்கள். காப்பிக்கடைக்காரன் கொம்பு முளைத்திருக்கிறது என்று சத்தியமே பண்ணினான். அருளம்பலம் திமிர்தான் என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டார்.

"கெதியா முடியும், நேரமில்லை. மத்தியானம் துரைக்குப் பிரியாவிடை. போட்டோ பிடிக்கினம். நான் முன்வரிசை, துரைக்குப் பக்கத்திலை."

ராமையாவின் கையில் வேறொருவர் பாதிச் சவரத்தோடு மாட்டியிருந்தார்.

"நம்ம அர்ச்சுனன் வெட்டட்டுமா ஐயா? தொழில் பழகுறான். இப்ப நல்லா தேறிட்டான்."

"ஆர் வெட்டினால் என்ன? கெதியா வெட்டினால் போதும்."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், கத்திரிச் சத்தத்தில் அப்படியே தூங்கிப்போனார். அங்கேதான் வினை.

அர்ச்சுனன் ஒன்றும் விடலைப் பையன் இல்லை. கல்யாணமான ஆள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் ரப்பர் விலை படுத்துக்கொண்டபோது ரப்பர் தோட்டத்தில் வேலைச் சீட்டுக் கிழிந்தவன். அதுவரை அவன் வெட்டியதெல்லாம் பால்மரம்தான். பழகின கை சும்மா இருக்குமா? மரத்தைச் சுற்றுவதுபோல நாற்காலியைச் சுற்றினான். இடது பக்கம் மேலே தொடங்கி, பிடரி வழியாக வலது பக்கம் கீழே இறங்கினான், பட்டை சீவுகிற அதே சாய்வில். முடித்த பிறகு சோப்புக் கிண்ணத்தை எடுத்துக் கிராணியாரின் காதுக்குக் கீழே ஏந்திக்கொண்டு நின்றான், பால் வடியும் என்று!

கிண்ணம் ஜில்லென்று பட்டதும் அருளம்பலம் விழித்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

இடது கிருதாவைக் காணோம். வலது கிருதா தாடைவரை அப்படியே நின்றது.

"ஐயோ, என்ரை தலை! இந்தக் கோலத்திலையோ நான் துரைக்குப் பக்கத்திலை நிக்கிறது? உவனை இப்பவே கலைச்சு விடும்! இல்லாட்டில் ரயில்வே ஆக்கள் ஒருத்தரும் இந்தப் படி மிதிக்க மாட்டினம். சொல்லிப்போட்டன்!"

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ரயில்வே ஆட்கள். அது அவருக்கும் தெரியும், ராமையாவுக்கும் தெரியும்.

அர்ச்சுனன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். "ஐயா, இந்த வேலையும் போச்சுன்னா எங்கள ஊருக்கே கப்பல் ஏத்தி அனுப்பிருவாங்க. எம் பொஞ்சாதி மாரியம்மா முழுகாம இருக்கா. கடல் பயணத்த அவ தாங்கமாட்டா ஐயா."

அருளம்பலத்துக்கு ஒரு கணம் இரக்கம் எட்டிப் பார்த்தது. திரும்பவும் கண்ணாடியைப் பார்த்தார். இரக்கம் போன இடம் தெரியவில்லை.

"உந்தக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம்!"

"பழகுறவன் கை அப்படி இப்படித்தான் போகும் ஐயா. பொறுத்துக்குங்க" என்றார் ராமையா.

"பழகிறதுக்கு என்ரை தலைதான் கிடைச்சுதோ? ஊரான்ரை தலையிலை கத்தி வைக்க விடுறீர். உம்மடை தலையை உவனிட்டைக் குடுப்பீரோ? குடும் பாப்பம்!"

ராமையா அருளம்பலத்தின் பக்கம் திரும்பினார். சவரக்கத்தியைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் முண்டாசை அவிழ்த்தார்.

அப்பாடா, இப்போதாவது மரியாதை தெரிந்ததே என்று அருளம்பலம் நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்த நொடி வாயைப் பிளந்தார்.

"அடியாத்தி!" என்றார் பாதிச் சவரக்காரர்.

அது தலையா, தோட்டத்து மரமா? உச்சியிலிருந்து பிடரிவரை சாய்வு சாய்வாகக் கோடுகள். கிருதா இரண்டுமே இல்லை. காதோரம் ஆறாத கீறல் வேறு.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கடையச் சாத்திட்டு என் தலையத்தான் ஐயா இவங்கிட்ட குடுக்குறேன். இது வெளிய தெரிஞ்சா இவன நம்பி எவன் உக்காருவான்? அதான் முண்டாசு."

சொல்லிக்கொண்டே ராமையா தன் தலையை அருளம்பலத்தின் தலையோடு ஒட்டிவைத்துக் கண்ணாடியைக் காட்டினார். முகமெல்லாம் பெருமை.

"நீங்களே பாருங்கலா! எனக்கு எத்தன கோடு? உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சாஞ்சிருக்கு. எம்புட்டுத் தேறிட்டான்!"

அருளம்பலம் இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளதைச் சொன்னால், அர்ச்சுனன் தேறித்தான் இருந்தான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு கையை நீட்டினார்.

"உந்த முண்டாசை இஞ்சை தாரும் காணும், போட்டோவுக்கு நேரமாச்சுது. அடுத்த மாதமும் உவனே வெட்டட்டும்."