உள்ளங்கைக்கு எட்டிய பாட்டு

மாலை வெயில் கண்ணாடிக் கதவு வழியே சாய்ந்து விழ, சுவரில் தொங்கும் கிதார்களின் கம்பிகள் மட்டும் மின்னுகின்றன. தையல்காரி மூன்றாவது கிதாரை மடியில் சாய்த்துக்கொள்கிறாள். முதல் இரண்டும் காதுக்கு இனிமைதான். விலைதான் கையைக் கடித்தது. இதன் முகப்பில் ஒரு கீறல் இருப்பதால் விலை இறங்கி வந்திருக்கிறது. "இத வயர் மாட்டிக் கேட்டாத்தாம்மா அருமை தெரியும்" என்று கடைக்காரர் கிதாரையும் தரையிலிருக்கும் ஸ்பீக்கர் பெட்டியையும் இணைக்கிறார். பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் கணவர். கொதிகலன் அறையில் வேலை பார்த்த இரைச்சலில் அவருக்குக் காது போய்ப் பல வருஷமாகிறது. வீட்டில் பழைய கிதாரில் அவள் எதை வாசித்தாலும், அவள் முகத்தைப் பார்த்தே "பிரமாதம்" என்பார், அவளும் சிரித்துவைப்பாள். இப்போதும் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார். வாசிப்பு தொடங்கியதும் பெட்டி அதிர்கிறது. பெட்டியின் மேல் சும்மா கிடந்த அவர் கை சட்டென்று விறைக்கிறது, பிறகு உள்ளங்கை முழுவதும் அதில் படிகிறது. கண்ணை மூடிக்கொள்கிறார். கட்டைவிரல் மெல்லத் தாளம் போடுகிறது. அதைப் பார்த்ததும் அவள் விரல் தடுமாறி தாளத்தில் ஒரு தட்டு தவறிப்போகிறது; எப்படியோ சமாளித்து முடிக்கிறாள். கடைக்காரர் மரியாதைக்குத் தலையாட்டுகிறார். கணவர் கையை எடுக்காமலே, கடை முழுக்கக் கேட்கும் குரலில், "நல்லாத்தான் வாசிச்ச. நடுவுல ஒரு இடத்துல கோட்டை விட்டுட்ட" என்கிறார். எத்தனை வருஷமாயிற்று, அவள் வாசிப்பில் அவர் குறை சொல்லி. அவள் கிதாரின் கீறலை விரலால் தடவிக்கொண்டே கடைக்காரரிடம் சொல்கிறாள்: "இதையே குடுத்துடுங்கண்ணே. பெட்டியையும் சேத்து."