கௌரவத் தோற்றம்: பீப்பாய் வீரன்

"மறுபடியும் வந்துட்டானா இவன்?"

ஆசிரியர் அந்தச் சித்திரக்கதைப் பக்கத்தை மேஜையில் போட்டார். வெள்ளத்தின் நடுவே அவர் வரைந்த புயல்வேந்தன் வீராவேசமாக நிற்கிறான். அவனை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு, குடையும் கையுமாக பீப்பாய் வீரன். தலைக்கு மேல் வசன பலூன்: "தண்ணி கொஞ்சம் ஜில்லுனுதான் இருக்கு."

பசையண்ணன் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார்.

பீப்பாய் வீரன் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. இருபது வருடம் அவர்தான் வரைந்தார். வாங்க ஆளில்லை என்று மூன்று வருடம் முன்பு அந்தப் புத்தகத்தை ஆசிரியர் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து மற்றவர்கள் வரைந்த பக்கங்களில் பலூன் ஒட்டுவதுதான் அண்ணனுக்கு வேலை.

வேலையைப் பார்த்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருந்தால் வம்பில்லை. மனுஷர் பலூனோடு சேர்த்துத் தன் வீரனையும் வெட்டி ஒட்டிவிடுகிறார். அவனும் அடுத்தவன் சண்டையில் குறுக்கே வந்து நின்று ஒரு வசனம் பேசுவான். அடுத்த கட்டத்தில் ஆளைக் காணோம்.

"போன மாசம் நிலாவுல நின்னுக்கிட்டு 'இங்க காத்து நல்லா வருது'ங்கறான். அதுக்கு முன்னாடி கடலுக்கு அடியில, சுறா வாயைத் திறக்கிற நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேக்கறான். என் புயல்வேந்தன் கதையில உங்க ஆளுக்கு என்ன வேலை?"

"சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போறான் சார்."

"இதுக்குப் பேரு தற்பெருமை. பதினஞ்சு வருஷமா ஒரு கோடு பிசகாம நான் வரையறேன். நீங்க உங்க பிள்ளைய யாரும் மறந்துடக் கூடாதுன்னு என் பிள்ளைய மறைக்கறீங்க. இப்பவே பிரிச்சு எடுங்க. இனிமே எந்தப் பக்கத்துலயாவது அவன் தலை தெரிஞ்சா, நாளையிலேர்ந்து நீங்க வரவேண்டாம்."

"இதுல மட்டும் இருந்துட்டுப் போகட்டும் சார். நாளையிலேர்ந்து வேணும்னா நான் வரல."

இந்த வயதில் இத்தனை வீம்பா என்று எல்லாருக்குமே தோன்றியது. கலர் போடும் அக்கா மட்டும் எழுந்து வந்தாள்.

"சார், அதைப் பிரிக்காதீங்க. சொன்னா கேளுங்க."

கேட்கிற நிலையில் ஆசிரியர் இல்லை. மூக்குக்கு மேல் கோபம். நகத்தால் நெம்பி, பீப்பாய் வீரனைத் தானே பிரித்து எடுத்தார்.

அடியில் புயல்வேந்தன் முழுசாகத் தெரிந்தான். ஒரு கையில் வாளை ஓங்கியிருந்தான். ஒரு கையில் குழந்தையைத் தூக்கியிருந்தான். ஒரு கையை இடுப்பில் வைத்திருந்தான்.

ஆசிரியர் ஒருமுறை எண்ணினார். பிறகு விரல் விட்டு எண்ணினார். அப்படியும் மூன்றுதான் வந்தது.

அக்கா பிரஷ் கழுவப் போய்விட்டாள்.

"அப்போ நிலாவுல?" என்றார் ஆசிரியர், குரல் இறங்கி.

"ஹெல்மெட் போட மறந்துட்டீங்க சார்."

"சுறா?"

"அதுக்கு நாலு கால் இருந்துச்சு."

ஆசிரியருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேண்ணே?"

"அச்சகத்து வண்டி நாலு மணிக்கு வந்துடுது. உங்களுக்குத் திருத்த நேரமில்ல. அவனுக்கும் வேற வேலை இல்ல."

ஆசிரியர் பீப்பாய் வீரனை எடுத்து, பழைய இடத்திலேயே வைத்து, ஓரமெல்லாம் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். ஒட்டி முடித்ததும் இன்னொரு பக்கம் ஞாபகம் வந்தது.

"ஏண்ணே, புயல்வேந்தன் கல்யாணத்துல இவன் முதல் வரிசையில உக்காந்திருந்தானே. அங்க நான் என்ன தப்பு பண்ணேன்?"

பசையண்ணன் பசை டப்பாவை மூடினார்.

"படத்துல தப்பு ஒண்ணுமில்ல சார். நாம போட்ட அத்தனை வீரனையும் கூப்பிட்டிருந்தீங்க, இவனைத்தான் மறந்துட்டீங்க."