வண்டியிலேயே இருக்கட்டும்

ட்ராலியின் முன்சக்கரம் ஏன் நடுங்குகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சாமானைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று யோசிப்பான். யோசித்ததைக் கேட்காதவருக்கும் சொல்லுவான். வேலை இடத்தில் அவனுக்குப் பெயரே 'விளக்கம்'. சொந்தத்திலோ, அவன் வாயைத் திறந்தால் சகலைக்கு அவசரமாக எங்காவது போக வேண்டியிருக்கும்.

விடுமுறை நாள். கிடங்கு மாதிரி இருந்த அந்த மொத்த விலைக் கடையில் எள் போட்டால் எள் விழாது. கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி, தரை முழுக்கத் தலை.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். ட்ராலியைத் தள்ளிக்கொண்டு அலையக் கூடாது. ஒரு தூணோரமாக நிறுத்திவிட வேண்டும். ஒருவர் காவல் நிற்க, மற்றவர் நடந்து போய்ச் சாமானை எடுத்துவர வேண்டும். ட்ராலிக்காரர் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் வெறுங்கை ஆள் மீன் மாதிரி நழுவிவிடுவார். ருசி பார்க்கத் தட்டு நீட்டுகிற மேசைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. குளிர்ப்பெட்டிச் சாமான் கடைசியில்தான்.

இன்றைக்கும் அப்படித்தான். காரிலிருந்து மனைவியைக் கடை வாசலில் இறக்கிவிட்டான். பின்னால் நின்ற கார்க்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டே சொன்னாள்:

"பாப்பா இப்பத்தான் தூங்குறா. வண்டியிலயே இருக்கட்டும். நீங்க பக்கத்துலயே இருங்க."

கண்ணாடியில் அந்த ஹார்ன்காரரை முறைத்தபடியே தலையாட்டினான்.

இடம் தேடிச் சுற்றி, ஒருவழியாகக் காரை நிறுத்திவிட்டு, ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தான். வழக்கமான தூணோரம் ட்ராலி நின்றது. அடையாளத்துக்கு அவள் எப்போதும் போடுகிற மஞ்சள் சால்வை போர்த்தியிருந்தது. அவள் இப்போதுதான் சாமான் எடுக்க நகர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். சால்வைக்கு அடியில் பாப்பா அளவுக்கு ஒரு மேடு.

சொன்ன சொல் தட்டாமல் பக்கத்திலேயே நின்றான். குனிந்து காது கொடுத்தான். அந்த இரைச்சலில் மூச்சுச் சத்தம் எங்கே கேட்கும்? தொட்டால் விழித்துக்கொள்வாள். விழித்தால் கடையே திரும்பிப் பார்க்கும். விட்டுவிட்டான்.

"அண்ணே, வண்டியைக் கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார் ஒருவர்.

தள்ளினான். அப்போதுதான் முன்சக்கரம் படபடவென்று ஆடியது.

ஆபீஸ் நாற்காலிக்கு அடியில் இருக்குமே, எந்தப் பக்கமும் திரும்புகிற சக்கரம், அந்த வகை. மேலே பாரம் உட்கார்ந்தால் தரையைக் கவ்விக்கொண்டு நேராக ஓடும். பாரம் இல்லாவிட்டால் நிலை கொள்ளாமல் தலையாட்டும். இங்கேதான் பாரம் இருக்கிறதே. பாப்பா கொழுகொழுவென்று இருப்பாள். கொஞ்ச நேரம் சுமந்தால் இடுப்பு கழன்றுவிடும்.

பேரிங் தேய்ந்திருக்குமோ? குனிந்து பார்த்தான். புத்தம் புது ட்ராலி. தரை சரிவோ? பாக்கெட்டிலிருந்த நாணயத்தை உருட்டிவிட்டான். அது நேராக ஓடி ஒருவர் காலில் முட்டி விழுந்தது. ஒற்றை விரலால் ட்ராலியைத் தள்ளிப் பார்த்தான். தக்கை மாதிரி போனது.

வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் சகலைக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மனைவி வந்தாள். இரண்டு கையிலும் எண்ணெய் டின். அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

அவன் உதட்டில் விரல் வைத்தான்.

"மெதுவா. தூங்குறா."

"யாரு?" என்றாள் அவள்.

அவன் சால்வையைப் பார்த்தான். அவள் அவன் கையில் இருந்த கார் சாவியைப் பார்த்தாள். ஒரு டின் நழுவித் தரையில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

சால்வையை இழுத்தான். இரண்டு தலையணைகள். உறை கூடப் பிரிக்கவில்லை.

சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை.

ஓடினான். வெறுங்கை ஆள் மீன் மாதிரி நழுவுவார் என்றது பொய். தோள்கள், பெட்டிகள், ட்ராலிகள், வசவுகள். கதவைத் தாண்டினால் வெயில் கண்ணைக் குத்தியது. காரை எந்த வரிசையில் நிறுத்தினோம் என்பது மறந்துபோய், சாவியை அழுத்தி அழுத்திப் பார்த்தான். எங்கோ கடைசியில் ஒரு விளக்கு மின்னியது.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. பாப்பாவின் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. முகம் செக்கச்சிவந்து, வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

தூக்கினான். பாரமாக இருந்தாள்.

நிழலுக்கு ஓடினான். மூச்சிரைக்க வந்த மனைவி பையிலிருந்த தண்ணீரைக் குழந்தையின் முகத்திலும் கழுத்திலும் ஊற்றினாள். ஒரு விக்கல். பிறகு பாப்பா ஊரைக் கூட்டுகிற மாதிரி வீறிட்டாள்.

அவர்கள் இருவரும் அந்த அழுகையை அமர்த்தவே முயலவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, நல்ல நேரத்தில் தூக்கிவிட்டீர்கள் என்று சொன்ன பிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"வண்டின்னு சொல்லாம கார்னு சொல்லித் தொலைச்சிருக்கணும் நான்."

 'விளக்கம்' என்று பேர் வாங்கியவன் பாப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டான்.

இப்போதும் கூட்டமான கடைக்குப் போகிறவர்கள் அவனிடம் வழி கேட்பதுண்டு. தூணையும் குளிர்ப்பெட்டியையும் அவன் மறந்தும் எடுப்பதில்லை. ஒன்றே ஒன்றுதான் சொல்லுவான்: காரில் ஏறியதும் இடது கால் செருப்பைக் கழற்றிப் பின் சீட்டில் குழந்தையின் காலடியில் வைத்துவிடுங்கள். ஒற்றைச் செருப்போடு யாரும் கடைக்குள் போவதில்லை.