சவுக்காரம் பட்ட சட்டை

மகளின் வெள்ளைச் சட்டைக் காலரில் துணி துவைக்கும் சவுக்காரத்தைத் தேய்த்ததும் அது ரத்தமாய்ச் சிவந்தது.

பத்துமலை காலரைத் திருப்பிப் பார்த்தார். காலரின் உட்பக்கம் முழுக்கச் சுற்றி ஒரே கோடு, கயிறு இறுக்கியது போல.

மூன்று நாளுக்கு முன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது மகள் நவமணி சொன்னாள், தெலுக் இந்தான் மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்தால் தூக்கில் தொங்கிவிடுவேன் என்று. வயசுப் பெண் பேச்சு விடிந்தால் போச்சு என்று அவர் சிரித்துவிட்டார். சிரித்த வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் போல இப்போது இருந்தது.

ஈரக் கைலியோடு வீட்டுக்குள் ஓடினார். ஈப்போ எலக்ட்ரானிக் பேக்டரியில் இரவு வேலை முடித்து வந்தவள், கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கினாள். மூச்சு வந்துகொண்டிருந்தது. எழுப்பிக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பைப்படிக்குத் திரும்பிய பிறகுதான் புத்தி மெல்ல வேலை செய்தது. அவர் இருபது வருஷமாக எஸ்டேட் பேக்டரியில் ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியாவும், உறைய ஆசிட்டும் ஊற்றுகிறவர். சவுக்காரம் படுவதற்கு முன் அந்தக் கோடு மஞ்சளாகத்தானே இருந்தது? வியர்வைக் கறை என்றல்லவா நினைத்தார். ஆலத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறது. சுண்ணாம்பும் சவுக்காரமும் ஒரே சாதிதான். அப்படியானால் புளிப்பை விட்டால் நிறம் திரும்பிவிடும்.

அடுப்படியில் கிடந்த பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து பிழிந்தார். சிவப்பு போய் மஞ்சள் வந்தது.

ரத்தமில்லை, வெறும் மஞ்சள். மாரியாத்தா காப்பாற்றினாள் என்று அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள் அடுத்த வீட்டுச் செல்லாயி. அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான். ரத்தமென்று பயந்துபோன கதையை அவளிடம் சொன்னார். யார் சட்டை என்றுகூடப் பார்க்காமல் அவளும் சிரித்தாள்.

“புதுத் தாலிக்கயிறுலா அண்ணே. மொத மாசம் பூரா காலர்ல மஞ்சள் ஒட்டும், எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அண்ணிக்குத் தெரியுமே, கேட்டுப் பாருங்க.”

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பத்துமலையின் தலையில் இடி விழுந்தது. மகள் கழுத்தில் தாலி ஏறியிருக்கிறது. எவன் கட்டினான், எந்தக் கோயிலில், எப்போது?

மனைவி இருளாயியைக் கேட்கலாமென்றால், பத்திரிகை வந்த அன்றே அவள் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று பாரிட் புந்தாருக்குப் போய்விட்டாள். அதனால்தான் இன்று துணி அவர் கைக்கு வந்தது.

மற்ற நாளெல்லாம் நவமணியின் சட்டைக்குச் சவுக்காரம் போட்டவள் இருளாயிதான்.