ஊதா வெளிச்சம்

"இவரை அங்கால நிக்கச் சொல்லுங்கோ மிஸ். எனக்கு இடைஞ்சலாக் கிடக்கு," என்றாள் ஆர்த்திகா, டினோஜனின் முகத்தைப் பார்க்காமலே.

கிரிஜாவுக்குத் தலை வலித்தது. பிரெஞ்சு நர்சிங் கல்லூரி ஒன்றில் பதினைந்து வருடமாகப் பாடம் எடுக்கிறாள். மாணவர்களில் சொந்தக்காரர், சினேகிதர் என்று யாரையும் ஒரே குழுவில் போடமாட்டாள். அரட்டையில் வேலை கெடும். அதற்காக இப்படியா? ஒரு மாதமாக இந்த இரண்டு மாணவர்களும் எலியும் பூனையும்தான்.

"இன்னிக்குக் குழந்தைங்க முன்னாடி சண்டை வந்துச்சுன்னா, ரெண்டு பேரும் அடுத்த வருஷம் திரும்ப இந்தப் பயிற்சிக்கு வரணும்," என்று மெட்ரோவிலேயே எச்சரித்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வந்தும் ஆளுக்கொரு மூலையில்தான் மதியச் சாப்பாடு. இரண்டு பெட்டியிலும் இடியப்பமும் கத்தரிக்காய்ப் பால்கறியும்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கை கழுவும் பாடம். வாசலில் நின்று ஆறு பேருக்கு மட்டும் கைகொடுத்து உள்ளே அனுப்பிய ஆர்த்திகா, பிரெஞ்சில் ஆரம்பித்தாள். "வரும்போதே என் உள்ளங்கையில் ஒரு களிம்பு பூசியிருக்கிறேன். கிருமி மாதிரி, கண்ணுக்குத் தெரியாது; ஊதா வெளிச்சத்தில் மட்டும் மின்னும். எங்கெல்லாம் போயிருக்கிறது, பார்ப்போமா?"

டினோஜன் அறை விளக்குகளை அணைத்தான். அவள் ஊதா டார்ச்சை அடித்ததும் வகுப்பே கூச்சலிட்டது. மேசையில், பேனாவில், கதவுப் பிடியில் பளபளவென்று புள்ளிகள். ஒருவனின் மூக்குத் துவாரமே மின்னியது! அவன் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டான்.

கிரிஜாவும் தன்னை மறந்து சிரித்தாள். முழு மதிப்பெண் போடலாம் என்று பேனாவைத் திறந்தாள்.

"அக்கா, நான் ஒருக்காப் பிடிக்கட்டோ?" முன்வரிசைத் தமிழ்ச் சிறுமி சாருஜா டார்ச்சை வாங்கி நாலாபக்கமும் சுழற்றினாள். வெளிச்சம் டினோஜனின் கன்னத்தில் போய் நின்றது.

ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன.

கிரிஜாவுக்குப் பகீர் என்றது. பேனாவை மூடிவிட்டு விறுவிறுவென்று முன்னால் போனாள்.

"ஆர்த்திகா, கை நீட்டி அடிச்சியா இவனை?"

ஆர்த்திகா அவசரமாக டார்ச்சைப் பிடுங்கி அணைத்தாள். கன்னத்தைப் பொத்திக்கொண்ட டினோஜன்தான் அசடு வழியச் சொன்னான்:

"அடிக்கேல்லை மிஸ். நாங்கள் போன மாசம்தான் கலியாணம் கட்டினனாங்கள்."