காத்துப் பிரிஞ்சதோ?

“மாமா, காத்துப் பிரிஞ்சதோ எண்டு கேக்கினம்.”

நிலாணி இதைச் சுவரைப் பார்த்தபடி கேட்டாள். விநாயகமூர்த்தி கூரையைப் பார்த்தபடி, “இல்லைப் பிள்ளை” என்றார்.

காலையிலிருந்து இதேதான். நேர்ஸ் ஆங்கிலத்தில் கேட்பாள், மருமகள் தமிழில் சொல்வாள், மாமனார் இல்லையென்பார். நேர்ஸ் முகத்தைச் சுருக்கிக்கொண்டு போய்விடுவாள்.

பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்து, குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று என்று டொக்டர் சொன்னபோது மகன் வாகீசன் காரை எங்கே விட்டான் என்பதே மறந்துபோய், பார்க்கிங் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தான்.

ஆனால் தைத்த குடல் இன்னும் விழிக்கவில்லை. அது விழித்துவிட்டது என்பதற்கு அடையாளம் ஆள் காற்று விடுவதுதான். அதுவரைக்கும் சாப்பாடு கிடையாது, நாக்கை நனைக்கக் கொஞ்சம் தண்ணீர் மட்டும்.

விநாயகமூர்த்தி இந்த நோயைத் தொடக்கத்திலிருந்தே ஒரு மானப் பிரச்சினையாகத்தான் எடுத்துக்கொண்டார். மலத்தில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்குத் தபாலில் அனுப்பச் சொல்லி அரசாங்கத்திலிருந்து பெட்டி வந்தபோது, இதென்ன தேசமடா என்று அதை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். மனைவி கமலாம்பிகை அதை இழுத்தெடுத்து, மல்லுக்கட்டி அனுப்ப வைத்ததால்தான் நோய் தெரிந்தது. கோயிலில் விசாரித்தவர்களுக்கெல்லாம் பித்தப்பையில் கல் என்று சொல்லிவைத்திருந்தார். பித்தப்பை மரியாதையான இடத்தில் இருக்கிறதல்லவா.

மத்தியானம் டொக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். வயிறு ஊதியிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னேரம் வரை பார்ப்போம், அதற்குள்ளும் காற்றுப் போகாவிட்டால் ஸ்கான் எடுப்போம், எங்கேயாவது அடைத்திருந்தால் திரும்பவும் வெட்டித் திறக்க வேண்டி வரலாம் என்றார்.

நிலாணி மாமாவைப் பார்த்தாள். எழுபது வயது தாண்டிய மனிதன். அதே வயிற்றில் இன்னொரு தரம் கத்தி வைத்தால் எழும்புவாரா?

ஒரு சொல்லையும் விடாமல் தமிழில் சொன்னாள். விநாயகமூர்த்தி கண்ணை மூடித் திறந்தார்.

“அதுக்கென்ன பிள்ளை, வெட்டட்டும்.”

நிலாணி அதை ஆங்கிலத்தில் சொல்ல, அந்தத் தைரியத்தைப் பார்த்து டொக்டரே அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

நிலாணி வோஷ்றூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து இந்த மனிதர் அவளுடன் நாலு வசனம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அவள் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றால் வெளியே நின்று செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படிப்பட்டவருக்குள் இத்தனை நெஞ்சுரமா? இவரை இழந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பின்னேரம் கமலாம்பிகை வந்தாள். தும்மலும் தடிமனுமாக இருந்ததால் அவளை இவ்வளவு நாளும் வார்டுக்குள் விடவில்லை. வாகீசன் அஜக்ஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நேரே கட்டிலடிக்கு வந்துவிட்டாள். மருமகள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி எல்லாவற்றையும் சொன்னாள்.

கமலாம்பிகை மருமகளை ஒருதரம் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“நீ போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வா பிள்ளை.”

நிலாணி திரைச்சீலையைத் தாண்டியிருக்கமாட்டாள்.

“இஞ்சேருங்கோ, குசு விட்டனீங்களோ இல்லையோ?”

வார்ட் முழுக்கக் கேட்டது.

“மெல்லக் கதையுமப்பா. விடிஞ்சதிலயிருந்து போய்க்கொண்டுதான் இருக்கு.”

நிலாணி கோப்பியை மறந்து நேர்ஸைத் தேடி ஓடினாள். ஓடும்போதே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நேர்ஸ் வந்து வயிற்றில் காதுக்குழாயை வைத்துக் கேட்டாள், அவளுடைய முகமும் மலர்ந்துவிட்டது. டொக்டருக்குச் சொல்லி ஸ்கானை நிற்பாட்டிவிட்டு, ஒரு கோப்பை சூப்பும் கொண்டுவந்து வைத்தாள்.

அப்பாடா என்றிருந்தது நிலாணிக்கு. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே போய் மாமாவின் முகத்தைப் பார்த்தால் மனிதர் கூச்சத்தில் சூப்பையும் குடிக்கமாட்டார் என்று திரைக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். அவர் உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் கேட்டது.

கமலாம்பிகைக்குத்தான் கோபம் ஆறவில்லை.

“திரும்ப வெட்டப்போகினம் எண்டு அந்தப் பிள்ளை சொன்னது உங்களுக்கு விளங்கேல்லையோ?”

“வடிவா விளங்கினது.”

“பிறகேன் பேசாமல் கிடந்தனீங்கள்?”

கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“வெட்டுறதெண்டா மயக்கிப்போட்டுத்தானே வெட்டுவினம்.”