புது பெயின்ட்டும் ஹீட்டர் விசிறியும்

மலைப்பாதையில் ஓடும் ஒரு பழைய காருக்குப் புது பெயின்ட் அடித்தார்கள். அன்றைக்கே, உள்ளே சூடான காற்றை ஊதும் ஹீட்டர் விசிறி நின்றுபோனது.

"வயசாயிடுச்சு பெருசு, உன்னைக் கழட்டிக் கடாசிடுவாங்க" என்று மினுக்கியது பெயின்ட். விசிறியும் அப்படித்தான் என்று நம்பி மனம் ஒடிந்துபோனது.

மெக்கானிக் விசிறியைக் கழற்றி நேரே பேட்டரியோடு இணைத்தார். சுற்றியது! பிறகு விசிறியின் எர்த் ஒயரைக் காரின் இரும்போடு இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினார். கரன்ட் ஓட ஒயர் தொடவேண்டிய இரும்பை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது பெயின்ட். அந்த இடத்தை உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்.

"அப்பாடா!" என்று விசிறி விர்ரெனச் சுற்றியது.

கார் மலையேறியது. பனி இறங்கியது.

"அண்ணே... தேய்ச்ச இடம் குளிருதுண்ணே. கொஞ்சம் இந்தப் பக்கம் ஊதுங்களேன்."